லொகேஷன் லிஸ்ட் ரேஞ்ச் ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷனின் நடுவில் முடிகிறது, மேல் ஃபிரேமில் மதிப்பு தப்பாக வருகிறது. ஜிசிசி கம்பைலரின் பிழையா, என் பிழையா?

குலசேகரம்_மழை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படித்துச் சொல்லுங்கள்.

ஆறேழு மாதமாக லினக்ஸில் சின்னதாக ஒரு டீபக்கர், அதாவது ஓடும் புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவி, எழுதி வருகிறேன். சி++, பிட்ரேஸ், அவ்வளவுதான். ஜிடிபி என்ற பிரபல டீபக்கர் உள்ளுக்குள் என்ன செய்கிறது என்பதைக் கையால் செய்து பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். -ஓ0 போட்டு (ஆப்டிமைஸ் செய்யாமல்) கம்பைல் செய்த புரோகிராம்களில் எல்லாம் நன்றாகவே ஓடுகிறது, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு வேரியபிளும் பிறந்தது முதல் கடைசி வரை ஸ்டாக்கில் ஒரே இடத்தில் கிடக்கும், எஃப்பிரெக் என்று ஒற்றை எக்ஸ்பிரஷனைப் படித்தால் போதும். இப்போது ஆப்டிமைஸ் செய்த -ஓ2 புரோகிராம்களுக்கும் வர வேண்டும் என்று லொகேஷன் லிஸ்ட், அதாவது எந்த முகவரி ரேஞ்சில் வேரியபிள் எங்கே இருக்கிறது என்று கம்பைலர் எழுதிவைக்கும் பட்டியல், அதைப் படிக்கும் பகுதியைச் சேர்த்தேன். அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

சோதனைக்கு எடுத்தது வீட்டுக்காக எழுதிய ஒரு சின்ன புரோகிராம். எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. காலையில் வெட்டி எடுத்த பால் எத்தனை மில்லி, டிஆர்சி (பாலில் உள்ள உலர் ரப்பரின் பங்கு) எத்தனை சதவீதம் என்று கொடுத்தால் உலர் எடை சொல்லும். அதில் உலர்எடை என்ற ஃபங்ஷன் பால், டிஆர்சி இரண்டையும் பெருக்கி உலர் என்ற வேரியபிளில் வைத்துக்கொள்ளும், பிறகு பதிவு என்ற ஃபங்ஷனுக்குப் பாலின் அளவை அனுப்பும், திரும்பி வந்ததும் உலரைக் கொடுத்துவிடும். 100ஆல் வகுப்பது மெயினில் நடக்கிறது. இன்லைன் ஆகாமல் இருக்க ஒவ்வொன்றும் தனித்தனி ஃபைலில் இருக்கிறது. இன்றைக்குக் கொடுத்தது 12500 மில்லி, டிஆர்சி 36. அதாவது உலர் 450000 வர வேண்டும், 4500 கிராம்.

டிஸ்அசெம்பிள் செய்து பார்த்தால் உலர்எடை ஹெக்ஸ் 1170இல் தொடங்குகிறது. என்ட்பிரான்ச் 4 பைட், ஆர்பிஎக்ஸ் ரெஜிஸ்டரை புஷ் செய்வது 1 பைட், ஆர்டிஐயை ஆர்பிஎக்ஸில் காப்பி செய்வது 3 பைட், ஆர்எஸ்ஐயால் பெருக்குவது 4 பைட், அப்புறம் பதிவை அழைக்கும் கால் என்ற அழைப்பு இன்ஸ்ட்ரக்‌ஷன் 5 பைட். கால் முடிந்து திரும்பும் முகவரி 1181. ஃபங்ஷன் 1186இல் முடிகிறது.

பைனரியில் உள்ளதை எழுதிக் காட்டும் ரீட்எல்ஃப் கருவி, பால் என்ற வேரியபிளுக்குக் காட்டும் லிஸ்டில் இரண்டு வரி. 1170 முதல் 1180 வரை ஆர்டிஐ ரெஜிஸ்டர். 1180 முதல் 1186 வரை என்ட்ரி வேல்யூ என்று தொடங்கும் ஒரு எக்ஸ்பிரஷன், அதை நான் இன்னும் எழுதவில்லை. டிஆர்சிக்கும் அப்படியே, ஆர்டிஐக்குப் பதில் ஆர்எஸ்ஐ.

இங்கேதான் எனக்குச் சந்தேகம். 1180 என்பது கால் இன்ஸ்ட்ரக்‌ஷனின் கடைசி பைட். ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷனின் வயிற்றுக்குள் போய் ஒரு ரேஞ்ச் எப்படி முடியும்? பிராசஸர் அந்த முகவரியில் ஒருநாளும் நிற்கப் போவதில்லை. இது ஜிசிசி கணக்குத் தப்பு என்று நினைத்து, ரேஞ்ச் படிக்கும்போதே முடிவை அடுத்த இன்ஸ்ட்ரக்‌ஷனின் தொடக்கத்துக்குத் தள்ளிவிடும்படி நாலு வரி எழுதிவிட்டேன். ஆக என் டீபக்கருக்கு முதல் ரேஞ்ச் 1170 முதல் 1181 வரை.

சரி, சிக்கலுக்கு வருகிறேன். லைப்ரரியின் ரைட் ஃபங்ஷனில் பிரேக்பாயிண்ட் வைத்து நிறுத்துகிறேன். ஒவ்வொரு அழைப்புக்கும் ஸ்டாக்கில் ஒரு ஃபிரேம், அழைத்தவர் மேலே: ஃபிரேம் 0 ரைட், ஃபிரேம் 1 பதிவு, ஃபிரேம் 2 உலர்எடை, ஃபிரேம் 3 மெயின். ஃபிரேம் 2க்கு ஏறிப்போய் மூன்றையும் கேட்டால்:

உலர் = 450000
பால் = 1
டிஆர்சி = 93824992239620

உலர் சரியாக இருக்கிறது. அதுவும் முதலில் 12500 என்று தப்பாக வந்தது. ஃபிரேம் 0இன் ஆர்பிஎக்ஸையே எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன், பிறகு சிஎஃப்ஐ (எந்த ரெஜிஸ்டரை ஸ்டாக்கில் எங்கே சேமித்தது என்று சொல்லும் தகவல்) வழியாக ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ரெஜிஸ்டர்களை மீட்டெடுக்கும்படி மாற்றியதும் சரியானது. மேல் ஃபிரேம்களில் தேடும்போது திரும்பும் முகவரியிலிருந்து ஒன்றைக் கழித்துத் தேட வேண்டும் என்பதும் தெரியும், அதையும் செய்கிறேன். அப்படியும் பால் ஏன் 1? ஜிசிசிக்குப் பிழை அறிக்கை அனுப்பலாமா, இல்லை நான் எங்காவது விட்டேனா?


வடசேரி_32பிட் எழுதியது:

எனக்கு முதலில் தோன்றுவது பேஸ் அட்ரஸ். கம்பைலர் டீபக் தகவலை எழுதும் ட்வார்ஃப் வடிவத்தின் 5ஆம் பதிப்பில், லிஸ்டில் இருப்பது பெரும்பாலும் ஆஃப்செட் ஜோடிகள்தான், அந்த கம்பைலேஷன் யூனிட்டின் அடிமுகவரியைக் கூட்ட வேண்டும், பை எக்ஸிகியூட்டபிள் (எந்த முகவரியிலும் ஏற்றக்கூடியது) என்றால் லோட் ஆன இடத்தையும் கூட்ட வேண்டும். இரண்டில் ஒன்றை விட்டிருந்தால் தப்பான ரேஞ்சில் போய் விழும். அப்புறம் இன்னொன்று, ரேஞ்சின் முடிவு முகவரி ரேஞ்சுக்குள் சேராது. 1180 வரை என்றால் 1180 வெளியே. அதைச் சேர்த்துக்கொள்கிறீர்களா?


குலசேகரம்_மழை எழுதியது:

இரண்டும் சரியாகத்தான் இருக்கிறது அண்ணே. முகவரி குலுக்கலை அணைத்துவிட்டு ஓட்டுகிறேன், புரோகிராம் ஹெக்ஸ் 555555554000இல் ஏறுகிறது, அதைக் கூட்டித்தான் தேடுகிறேன். திரும்பும் முகவரி 555555555181 என்று ஸ்டாக்கில் கண்ணால் பார்த்தேன். முடிவு முகவரியையும் சேர்ப்பதில்லை. பேஸ் தப்பாக இருந்தால் உலரும் கெட்டிருக்க வேண்டுமே.


தக்கலை_ஸ்டாக் எழுதியது:

மக்கா, பிழை அறிக்கை அனுப்பிவிடாதே. ஜிசிசி சொன்னது சரி. நீ தள்ளி வைத்த அந்த ஒரு பைட்தான் சிக்கலே.

முதலில் உன் எண்களைப் பார். 93824992239620ஐ ஹெக்ஸில் எழுதினால் 555555556004. புரோகிராம் 555555554000இல் ஏறுகிறது என்று நீயே சொல்கிறாய். ஆக இது உன் புரோகிராமுக்குள்ளேயே ஒரு முகவரி, அனேகமாக ரீட்-ஒன்லி டேட்டாவில் இருக்கும் ஒரு ஸ்ட்ரிங். ரைட்டுக்கு முதல் ஆர்க்யூமென்ட் ஃபைல் எண், அது ஆர்டிஐயில் போகும், திரைக்கு எழுதுவதால் 1. இரண்டாவது எழுத வேண்டிய பஃபரின் முகவரி, அது ஆர்எஸ்ஐயில் போகும். அதாவது நீ பால் என்று காட்டுவது ரைட்டின் ஃபைல் எண், டிஆர்சி என்று காட்டுவது பதிவு எழுதப்போகும் தலைப்பு வரி. உலர்எடையின் கதையைக் கேட்கப்போய் ரைட்டின் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாய். முன்பு உலருக்கு வந்த 12500ம் இதே வகைதான், பதிவு தனக்கு வந்த பால் அளவை ஆர்பிஎக்ஸில் பத்திரப்படுத்தி வைத்திருந்திருக்கும்.

ஏன் இப்படி? எக்ஸ்86-64 லினக்ஸில் ஆர்பிஎக்ஸ், ஆர்பிபி, ஆர்12 முதல் ஆர்15 வரை, இவற்றை அழைக்கப்பட்ட ஃபங்ஷன் பழையபடி திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அதனால் எங்கே சேமித்தது என்பது சிஎஃப்ஐயில் இருக்கும், உனக்கு உலர் திரும்பக் கிடைத்தது அதனால்தான். ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ அப்படி இல்லை, அழைக்கப்பட்டவர் இஷ்டத்துக்கு அழித்துக்கொள்ளலாம், சேமிக்க வேண்டிய கடமை யாருக்கும் கிடையாது. அவற்றைப் பற்றி சிஎஃப்ஐ ஒரு வார்த்தை சொல்லாது. சொல்லப்படாத ரெஜிஸ்டரை நீ என்ன செய்கிறாய்? மாறவில்லை என்று எடுத்துக்கொண்டு கீழ் ஃபிரேமின் மதிப்பையே மேலே கொண்டுபோகிறாய், சரிதானே? ஜிடிபியும் அதைத்தான் செய்கிறது, அதனால் உன்னைக் குறை சொல்லவில்லை.

இப்போது கம்பைலர் பக்கம் நின்று யோசி. கால் இன்ஸ்ட்ரக்‌ஷன் ஓடத் தொடங்கும் கணம் வரை பால் ஆர்டிஐயில் இருக்கிறது. நீ கால் மேலேயே பிரேக்பாயிண்ட் வைத்து நின்றால் ஆர்டிஐ என்ற பதில்தான் சரி. ஆனால் அழைப்பு நடந்துகொண்டிருக்கும்போது மேல் ஃபிரேமிலிருந்து கேட்டால் ஆர்டிஐ என்ற பதில் பொய். இரண்டு கேள்வியும் ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷனைப் பற்றியது, ஆனால் இரண்டு பதில் வேண்டும். எப்படிப் பிரிப்பது? முதல் கேள்வி காலின் முதல் பைட்டில் வந்து விழும். இரண்டாவது கேள்வி, டீபக்கர் திரும்பும் முகவரியிலிருந்து ஒன்றைக் கழிப்பதால், காலின் கடைசி பைட்டில் வந்து விழும். அதனால்தான் ஜிசிசி, கால் அழிக்கக்கூடிய ரெஜிஸ்டர்களுக்கு மட்டும், ரேஞ்சைக் காலின் முடிவுக்கு ஒரு பைட் முன்னால் வெட்டுகிறது. -எஸ் போட்டு அசெம்பிளி எடுத்துப் பார், லேபிள் பெயருக்குப் பக்கத்தில் மைனஸ் ஒன்று என்று அப்பட்டமாக எழுதியிருக்கும். உலருக்கு அந்த வெட்டு இருக்காது, அது ஆர்பிஎக்ஸில் இருப்பதால் காலைத் தாண்டியும் நேராகப் போகும்.

நீ கழித்த ஒன்றும் அவர்கள் கழித்த ஒன்றும் ஒரு ஜோடி. ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு மறுபக்கத்தைச் சரிசெய்கிறேன் என்று போனதால் வந்த வினை இது. வயல் வரப்பு நேராக இல்லையே என்று சர்வே கல்லைப் பிடுங்கி அரை அடி தள்ளி நட்டால் பார்வைக்கு நேராகத்தான் தெரியும், ஆனால் அந்தக் கல் அங்கே நின்றதற்கு ஒரு பத்திரம் உண்டு. அந்த நாலு வரியை அழித்துவிடு. கம்பைலர் தந்த ரேஞ்சை ஒருபோதும் திருத்தாதே. இன்ஸ்ட்ரக்‌ஷன் எல்லை எது என்று லொகேஷன் லிஸ்டுக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை, அது வெறும் எண்களின் பட்டியல்.

ஒன்றைக் கழிப்பதே எதற்கு என்று புதிதாகப் படிக்கிறவர்களுக்காகவும் சொல்லிவிடுகிறேன். ஒரு ஃபங்ஷனின் கடைசி இன்ஸ்ட்ரக்‌ஷனே அபார்ட் போன்ற திரும்பி வராத ஒன்றை அழைக்கும் கால் என்று வையுங்கள். திரும்பும் முகவரி அந்த ஃபங்ஷனுக்கு வெளியே, அடுத்த ஃபங்ஷனின் தலையில் போய் நிற்கும். அப்படியே தேடினால் பக்கத்து வீட்டு வேரியபிளைக் காட்டுவோம். ஒன்றைக் கழித்தால் கால் உள்ளேயே இருப்போம். ஃபிரேம் 0க்குக் கழிக்கக் கூடாது, அங்கே முகவரி துல்லியமானது. சிக்னல் வந்து இடையில் நின்ற ஃபிரேமுக்கும் கழிக்கக் கூடாது, அது கால் செய்து நிற்கவில்லை. சிக்னல் ஃபிரேமை சிஎஃப்ஐயின் ஆக்மென்டேஷன் எழுத்தை வைத்து அடையாளம் காணலாம்.


குலசேகரம்_மழை எழுதியது:

ஐயோ, மைனஸ் ஒன்று என்று நிஜமாகவே எழுதியிருக்கிறது. இத்தனை நாள் அசெம்பிளியைத் திறந்து வைத்துக்கொண்டே கவனிக்கவில்லை. நாலு வரியை எடுத்துவிட்டேன். இப்போது பாலுக்கும் டிஆர்சிக்கும் "கிடைக்கவில்லை" என்று வருகிறது. தப்பு எண்ணைக் காட்டுவதைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் இதே இடத்தில் ஜிடிபி 12500 என்று சரியாகக் காட்டுகிறது. ஆர்டிஐ அழிந்துபோனது என்கிறீர்கள், வேறு எங்கும் சேமிக்கவும் இல்லை, அப்படியானால் அது எங்கிருந்து எடுக்கிறது? என்ட்ரி வேல்யூ என்ற பெயரைப் பார்த்தால் ஃபங்ஷனுக்குள் நுழையும்போது இருந்த மதிப்பு என்று புரிகிறது, ஆனால் நுழைந்த நேரம் போய்விட்டதே. நுழையும் ஒவ்வொரு முறையும் நானே ரெஜிஸ்டர்களைப் படித்து வைத்துக்கொள்ள வேண்டுமா?


மார்த்தாண்டம்_தேன்கூடு எழுதியது:

படித்து வைக்க வேண்டாம். நுழைந்த நேரம் போனாலும், அனுப்பியவர் இன்னும் ஸ்டாக்கில் இருக்கிறார், அவரிடம் போய் நீ என்ன அனுப்பினாய் என்று கேட்பதுதான் வழி. நான் சில வருடம் கம்பைலர் பக்கம் வேலை செய்தவன், இந்தப் பகுதி எனக்கு ரொம்பப் பிடித்தது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பால் உலர்எடைக்குள் எங்கேயும் மாற்றப்படவில்லை. ஆக அதன் இப்போதைய மதிப்பும் நுழையும்போது ஆர்டிஐயில் இருந்த மதிப்பும் ஒன்றுதான். கம்பைலர் தனக்கு உறுதியாகத் தெரிந்தால் மட்டும்தான் அந்த எக்ஸ்பிரஷனை எழுதும். நடுவில் மாறியிருந்தால் எழுதாது. அந்த எக்ஸ்பிரஷனுக்குக் கடைசியில் ஸ்டாக் வேல்யூ என்று ஒரு ஆபரேஷன் இருக்கும், அதைக் கவனியுங்கள். கணக்கிட்டு வந்தது முகவரி இல்லை, மதிப்பே அதுதான் என்று அர்த்தம். அதை விட்டுவிட்டால் 12500ஐ முகவரியாக நினைத்து மெமரியைப் படிக்கப் போய்விடுவீர்கள். அதே காரணத்தால், இப்படி வந்த வேரியபிளுக்குப் பயனர் புது மதிப்பு போட முயன்றால் முடியாது என்று சொல்லிவிட வேண்டும், எழுத இடமே இல்லை.

இப்போது அனுப்பியவர் பக்கம். மெயினின் ட்வார்ஃபில் அது செய்யும் ஒவ்வொரு அழைப்புக்கும் கால் சைட் என்று ஒரு டேக் இருக்கும். அதில் அந்த அழைப்பு எங்கே திரும்பும் என்ற முகவரி. அதன் பிள்ளைகளாக கால் சைட் பாராமீட்டர் டேகுகள், ஒவ்வொன்றிலும் எந்த ரெஜிஸ்டர், அதில் போட்ட மதிப்பை அழைத்தவரின் கண்ணோட்டத்தில் எப்படிக் கணக்கிடுவது என்ற எக்ஸ்பிரஷன். உங்கள் மெயினில் 12500ஐ நேராக எழுதியிருந்தால் அந்த எக்ஸ்பிரஷன் வெறும் மாறிலி. கீபோர்டிலிருந்து படித்து ஆர்12இல் வைத்திருந்தால் ஆர்12ஐப் படி என்று இருக்கும், ஆர்12 சேமிக்கப்படும் வகை என்பதால் மீட்டெடுக்கலாம்.

ஆக செய்ய வேண்டியது இது. ஃபிரேம் 2இல் என்ட்ரி வேல்யூ ஆர்டிஐ என்று வந்தால் ஃபிரேம் 3க்குப் போங்கள், ஃபிரேம் 2 முடிந்ததும் அங்கே திரும்பும் முகவரியை எடுங்கள், அந்த முகவரியோடு பொருந்தும் கால் சைட்டைத் தேடுங்கள், அதற்குள் ஆர்டிஐக்கான பாராமீட்டரை எடுங்கள், அதன் எக்ஸ்பிரஷனை ஃபிரேம் 3இன் மீட்டெடுத்த ரெஜிஸ்டர்களை வைத்துக் கணக்கிடுங்கள். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன்: கால் சைட்டைத் தேடும்போது ஒன்றைக் கழிக்கக் கூடாது. அங்கே எழுதியிருப்பதே திரும்பும் முகவரிதான், அப்படியே பொருந்த வேண்டும். வேரியபிள் தேட ஒரு முகவரி, கால் சைட் தேட வேறு முகவரி. கோடில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்துவிடுங்கள், ஒரே பிசி என்ற பெயரில் இரண்டையும் வைத்தால் மூன்று மாதம் கழித்து நீங்களே குழம்புவீர்கள்.

அதைவிடப் பெரிய பள்ளம் டெயில் கால். மெயின் உலர்எடையை அழைக்கவில்லை, நடுவே ஒன்றை அழைத்தது, அது கடைசி வேலையாக ஜம்ப் போட்டு உலர்எடைக்குப் போய்விட்டது என்று வையுங்கள். ஸ்டாக்கில் நடுவில் இருந்தவர் இல்லை. ஃபிரேம் 3 மெயின் என்றே தெரியும். மெயின் தந்த ஆர்டிஐ நடுவிலிருந்தவருக்குத் தந்தது, உலர்எடைக்கு அல்ல. அதனால் கால் சைட்டில் யாரை அழைத்தோம் என்று சொல்லியிருப்பதைப் பார்த்து, அது நாம் நிற்கும் ஃபங்ஷன்தானா என்று சரிபாருங்கள். பொருந்தாவிட்டால் கிடைக்கவில்லை என்று சொல்லி நிறுத்துங்கள். ஜிடிபியும் இந்தச் சரிபார்ப்பைச் செய்கிறது, இது இல்லாமல் வெளியிடவே வேண்டாம்.

ட்வார்ஃப் 5 2017இல் வந்தபோதுதான் இது தரத்தில் சேர்ந்தது. அதற்கு முன் ஜிஎன்யூ நீட்சியாக, வேறு எண்களோடு இருந்தது. ஜிசிசி 11 முதல் ட்வார்ஃப் 5தான் இயல்பு, அதனால் புதிதாகக் கம்பைல் செய்வதில் புது எண்களே வரும். பழைய பைனரிகளையும் திறக்கப் போகிறீர்கள் என்றால் இரண்டு எண்ணையும் ஒரே ஃபங்ஷனுக்கு அனுப்பிவிடலாம், வேலை ஒன்றுதான்.


தக்கலை_ஸ்டாக் எழுதியது:

மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். கம்பைலர் ஒரு பைட் வெட்டித் தரும் என்று நம்பி மட்டும் இருக்க வேண்டாம். எல்லா கம்பைலரும் ஜிசிசி மாதிரி எழுத வேண்டும் என்று ட்வார்ஃபில் எங்கும் சொல்லவில்லை. உன் பக்கமும் ஒரு காவல் வை: ஃபிரேம் 0 தவிர மற்ற ஃபிரேம்களில் ஆர்டிஐ, ஆர்எஸ்ஐ, ஆர்டிஎக்ஸ், ஆர்சிஎக்ஸ், ஆர்ஏஎக்ஸ், ஆர்8 முதல் ஆர்11 வரை, இவற்றை யாராவது கேட்டால், சிஎஃப்ஐ அவற்றைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லாதவரை, தெரியாது என்று திருப்பி அனுப்பு. எல்எல்டிபி என்ற டீபக்கர் இந்த வழியில்தான் போகிறது, எந்த ரெஜிஸ்டர் நிலைக்கும் எது நிலைக்காது என்று அழைப்பு விதிகளை வைத்திருக்கும் தன் ஏபிஐ பகுதியிடம் கேட்டுவிட்டுத்தான் மேல் ஃபிரேமின் மதிப்பைத் தரும். சிக்னல் ஃபிரேமுக்கு மேலே இருக்கும் ஃபிரேமில் மட்டும் இந்தத் தடை வேண்டாம், அங்கே எல்லா ரெஜிஸ்டரையும் கெர்னலே ஸ்டாக்கில் சேமித்து வைத்திருக்கும்.

டீபக்கர் தெரியாது என்று சொன்னால் பயனர் வேறு வழி பார்ப்பார். தப்பான எண்ணைச் சொன்னால் அதை நம்பி இரண்டு நாள் வேறெங்கோ தோண்டுவார். வேலை பார்க்கும் இடத்தில் ஒருமுறை ஒரு போர்டுக்கு எழுதிய உள்வீட்டு டீபக்கர் இதே மாதிரி மேல் ஃபிரேமில் நிலைக்காத ரெஜிஸ்டரைக் காட்டி, ஒரு நீளத்தின் மதிப்பு எதிர்மறை என்று சொன்னதை நம்பி, நான்கு பேர் ஒரு வாரம் பஃபர் கோடைப் பிரித்துப் போட்டோம். பஃபரில் ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு பிடிப்பு வந்தது.


கொளச்சல்_அலை எழுதியது:

கருவிகள் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். எல்எல்விஎம் கம்பைலர் தொகுப்பின் ஆப்ஜ்டம்பில் டீபக்-வார்ஸ் என்று ஒரு ஆப்ஷன் உண்டு, டிஸ்அசெம்பிளிக்குப் பக்கத்திலேயே ஒவ்வொரு வேரியபிளும் எங்கிருந்து எங்கே வரை எந்த ரெஜிஸ்டரில் வாழ்கிறது என்று செங்குத்துக் கோடாக வரைந்து காட்டும். இதைப் பார்த்துவிட்டு லிஸ்டைப் படித்தால் கண்ணுக்கு எல்லாம் தெளிவாகும். எல்எல்டிபிக்குள்ளேயே டிஸ்அசெம்பிளியில் இந்தக் குறிப்பைச் சேர்ப்பது எல்எல்விஎம்மின் 2025 சம்மர் ஆஃப் கோட் திட்ட யோசனைகளில் ஒன்றாக இருந்தது, இதே வேலையில் ஆர்வம் இருந்தால் அந்த விவாதங்களைத் தேடிப் படியுங்கள். ஜிடிபியில் இன்ஃபோ அட்ரஸ் போட்டு வேரியபிள் பெயரைக் கொடுத்தால் ரேஞ்சுகளை வாக்கியமாகவே எழுதிக் காட்டும், உங்கள் பார்சர் தருவதோடு வரிக்கு வரி ஒப்பிடலாம். செட் டீபக் என்ட்ரி-வேல்யூஸ் 1 என்று கொடுத்தால் டெயில் கால் இடங்களில் அது எப்படி முடிவெடுக்கிறது என்பதையும் சொல்லும்.

இன்னொரு எச்சரிக்கை. லொகேஷன் லிஸ்ட் செக்‌ஷனைத் தலையிலிருந்து வரிசையாகப் படிக்கிறீர்களா, இல்லை வேரியபிள் சொல்லும் ஆஃப்செட்டுக்குத் தாவிப் படிக்கிறீர்களா? வரிசையாகப் படித்தால் ஜிசிசி தரும் பைனரியில் இடறும். 8ஆம் பதிப்பிலிருந்து ஜிசிசி லொகேஷன் வியூ என்று ஒன்றைச் சேர்க்கிறது, ஒரே முகவரியில் பல வரிகள் முடியும் இடங்களைப் பிரிப்பதற்காக. அந்த வியூ எண்கள் லிஸ்டுக்கு முன்னால் அதே செக்‌ஷனில் உட்கார்ந்திருக்கும். அதை ரேஞ்ச் என்று நினைத்துப் படித்தால் குப்பைதான் வரும்.


குலசேகரம்_மழை எழுதியது:

நல்லவேளை, ஆஃப்செட்டுக்குத் தாவித்தான் படிக்கிறேன். வியூ பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன், ரீட்எல்ஃப் காட்டிய புரியாத வரிகள் என்ன என்று இப்போது தெரிந்தது.

நேற்று சாயங்காலம் மழை பிடித்தது, கரண்ட் போய்விட்டது, பேட்டரி தீரும்வரை உட்கார்ந்து எழுதினேன். மிச்சத்தை இன்று காலை முடித்தேன். முகவரிகளுக்குத் தனிப் பெயர் வைக்கும் யோசனை ரொம்ப உதவியது. தேடும்முகவரி, திரும்பும்முகவரி என்று இரண்டு தனி டைப்பாகவே ஆக்கிவிட்டேன், ஒன்றைக் கேட்கும் இடத்தில் மற்றதைக் கொடுத்தால் கம்பைலரே தடுத்துவிடும். இப்போது அதே இடத்தில்:

உலர் = 450000
பால் = 12500 (அழைத்தவரிடமிருந்து)
டிஆர்சி = 36 (அழைத்தவரிடமிருந்து)

அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் நானே சேர்த்தேன், மதிப்பு எங்கிருந்து வந்தது என்று பார்க்கிறவருக்குத் தெரியட்டும் என்று. நிலைக்காத ரெஜிஸ்டர் காவலும் போட்டாயிற்று. அதைச் சோதிக்க ஒரு வழி கண்டுபிடித்தேன்: ஜிசிசி தந்த அசெம்பிளியில் அந்த மைனஸ் ஒன்றைக் கையால் அழித்துவிட்டு அசெம்பிள் செய்தேன், அப்போது லிஸ்ட் 1181 வரை ஆர்டிஐ என்று சொல்லும். பழைய கோட் அதற்கு 1 என்று சொல்கிறது, புதுக் கோட் தெரியாது என்கிறது. இரண்டு பைனரியையும் டெஸ்ட் ஃபோல்டரில் வைத்துவிட்டேன்.

டெயில் காலில் மட்டும் ஒரு சந்தேகம் பாக்கி. ஃபங்ஷன் பாயிண்டர் வழியாக அழைத்தால் யாரை அழைத்தோம் என்று கால் சைட்டில் பெயர் இருக்காதே, அப்போது எதோடு ஒப்பிடுவது?


மார்த்தாண்டம்_தேன்கூடு எழுதியது:

அங்கே பெயருக்குப் பதில் கால் டார்கெட் என்று ஒரு எக்ஸ்பிரஷன் இருக்கலாம், அதை அழைத்தவரின் ஃபிரேமில் கணக்கிட்டால் அழைத்த முகவரி வரும், அதை உங்கள் ஃபங்ஷனின் தொடக்கத்தோடு ஒப்பிடுங்கள். அந்த எக்ஸ்பிரஷன் ஆர்ஏஎக்ஸ் போன்ற அழியும் ரெஜிஸ்டரைக் கேட்டால் உங்கள் காவலே தெரியாது என்று சொல்லிவிடும். எக்ஸ்பிரஷனே இல்லாவிட்டாலும் தெரியாது என்றே முடியுங்கள். அடைப்புக்குறிக்குள் மூலத்தைக் காட்டியது நல்ல வேலை தம்பி, அந்தக் கோடை எங்காவது போட்டால் சொல்லுங்கள், நான் டெயில் காலுக்கு இரண்டு டெஸ்ட் எழுதித் தருகிறேன்.